மோட்டார் நின்றதும் போர்டு ரீசெட் ஆகிறதா?

மேசை மேல் ஒரு வாரம் பிசகாமல் ஓடிய டேங்க் கன்ட்ரோலர், மோட்டார் பெட்டிக்குள் போன அன்றே கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். எல்சிடியில் புரியாத எழுத்துகள் ஓடும். தொட்டி பாதிகூட நிரம்பாமல் மோட்டார் நிற்கும். கான்டாக்டர் (மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெரிய ரிலே) விட்ட நொடியில் போர்டு புதிதாக பூட் ஆகும். பழி முதலில் விழுவது புரோகிராம் மேல்தான். டிலேயைக் கூட்டுவது, லைப்ரரியை மாற்றுவது, கடைசியில் போர்டையே மாற்றுவது என்று நாள் போகும். கோளாறு பெரும்பாலும் கான்டாக்டர் காயிலிலும் ஒயர் போன வழியிலும் இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது வீடுகளில் பரவலாக இருக்கும் அமைப்பு. ஒரு ஆர்டுயினோ நானோ (ஏடிமெகா328பி) அல்லது ஈஎஸ்பி32, அது ஓட்டும் சின்ன ரிலே, ரிலே ஓட்டும் 230 வோல்ட் காயில் கான்டாக்டர், அதற்குப் பின்னால் 1 அல்லது 1.5 எச்பி சப்மெர்சிபிள். மொட்டைமாடித் தொட்டியில் இருந்து ஃப்ளோட் சுவிட்ச் ஒயர் 15, 20 மீட்டர் இறங்கி வருகிறது.

பெட்டியைத் திறக்கும் முன் எம்சிபியை அணையுங்கள். மல்டிமீட்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மோட்டார் கெபாசிட்டர்கள் அணைத்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றின் முனைகளில் கை வைக்காதீர்கள்.

எந்த நொடியில் விழுகிறது?

மோட்டார் போடும்போது ரீசெட் ஆவதும் மோட்டார் நிற்கும்போது ரீசெட் ஆவதும் வேறு வேறு நோய்கள்.

போடும்போது விழுந்தால் முதல் சந்தேகம் மின்னழுத்தச் சரிவு. மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரன்டைப்போல் 5 முதல் 7 மடங்கு இழுக்கும். நீண்ட சர்வீஸ் ஒயர் இருந்தால் 230 வோல்ட் ஒரு கணம் 160 வரைகூட இறங்கும். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) என்ற பழைய சப்ளையில் இது என்ன செய்யும் என்று கணக்குப் போடலாம். 160 வோல்டில் செகண்டரி ஏறத்தாழ 6.3 வோல்ட், உச்சம் 8.9, இரண்டு டயோடுகளில் 1.4 போனால் 7.5. 200 மில்லிஆம்பியர் லோடில் கெபாசிட்டர் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் 2 வோல்ட் வரை வடியும். மிச்சம் 5.5 வோல்ட். 7805க்கு உள்ளே குறைந்தது 7 வேண்டும். ரீசெட் ஆகாமல் என்ன செய்யும்? இதற்கு ஃபில்டர் எதுவும் வேண்டாம். 85 முதல் 265 வோல்ட் வரை ஏற்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை பவர் சப்ளை) போதும்.

நிற்கும்போது விழுந்தால் அதுதான் அசல் நாய்ஸ் (ஒயர்களில் புகும் மின் இரைச்சல்). அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று இந்த வரிசையில் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் மோட்டாரை 20 முறையாவது போட்டு அணைக்க வேண்டும். 3 முறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

1. கான்டாக்டர் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் தட்டுங்கள். இப்போதும் ரீசெட் ஆனால் ரிலே காயில் டயோடு அல்லது 5 வோல்ட் சப்ளைதான் குற்றவாளி.

2. காயிலை இணைத்து, மோட்டார் ஒயரை மட்டும் கழற்றி வையுங்கள். இதில் விழுந்தால் கான்டாக்டர் காயிலின் பொறி. பெரும்பாலானவை இங்கேதான் பிடிபடும்.

3. அதே நிலையில் ஃப்ளோட் ஒயரையும் எல்சிடி கேபிளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ அதுதான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது.

4. போர்டை மட்டும் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் நாய்ஸ் மெயின் வழியாக வருகிறது. மறையாவிட்டால் மெயின் ஃபில்டருக்குச் செலவு செய்து பயனில்லை.

காயிலிலேயே அடக்குவது

கான்டாக்டர் காயிலில் சில பத்து மில்லிஆம்பியர்தான் ஓடுகிறது. ரிலே அதைத் துண்டிக்கும்போது காயில் அந்தக் கரன்டை விடாமல் ஓட்டப் பார்க்கும். வழி இல்லாததால் ரிலே முனைகளுக்கு நடுவே மின்னழுத்தம் ஆயிரம் வோல்டுக்கு மேல் ஏறி, பொறி தாவி, அணைந்து, மறுபடி ஏறித் தாவும். ஒரே முறை விடும்போது இப்படிப் பல பொறிகள். ஒவ்வொன்றும் சில நானோ நொடிகளில் எழும்புகிறது. தொல்லை வோல்டேஜின் உயரத்தில் மட்டும் இல்லை. இந்த வேகத்தில்தான் அதிகம் இருக்கிறது.

மீட்டரில் பூஜ்யம் ஓம் காட்டும் ஒயரும் இந்த வேகத்துக்கு ஒயராக இருக்காது. ஒயரின் இன்டக்டன்ஸ் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி. 10 சென்டிமீட்டர் கிரவுண்ட் ஒயரில் 10 நானோ நொடிக்குள் 1 ஆம்பியர் மாறினால் அதன் இரு முனைகளுக்கு இடையே 10 வோல்ட் நிற்கும். 5 வோல்ட் சிப்புக்கு அந்த நேரம் கிரவுண்ட் எது, சப்ளை எது என்றே தெரியாது.

மருந்து மலிவானது. கான்டாக்டரின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் 1 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராக. இதுதான் ஸ்னப்பர். கூடவே 10டி471 எம்ஓவி (மின்னழுத்தம் எல்லை தாண்டினால் கடத்தி அதை அடக்கும் வேரிஸ்டர்) ஒன்று. எம்ஓவி மட்டும் போட்டால் உச்சி வெட்டப்படும், எழும்பும் வேகம் குறையாது. வேகத்தைக் குறைப்பது ஸ்னப்பர்தான். கெபாசிட்டரை ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ரிலே மூடும் கணத்தில் பெருங்கரன்ட் பாய்ந்து முனைகள் ஒட்டிக்கொள்ளும். 100 ஓம் இருந்தால் உச்சத்தில்கூட 325 வோல்டுக்கு 3.25 ஆம்பியர்தான். கெபாசிட்டரில் எக்ஸ்2 என்றும் 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்றும் அச்சாகி இருக்க வேண்டும். ‘400 வோல்ட்’ என்று மட்டும் போட்ட சாதாரண பாலியெஸ்டர் டிசி வேலைக்கானது. மெயினில் ஒரு நாள் தீப்பிடிக்கும்.

471 என்றால் 300 வோல்ட் ஏசி வரை தாங்கும் ரகம். 275 வோல்டுக்கான 431 கடையில் எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் இரவில் லைன் 260, 270க்கு ஏறும் ஊர்களில் அது சூடாகிக் கெட்டுப்போகும்.

இவற்றை போர்டில் பற்றவைக்காதீர்கள். காயில் முனையிலேயே மாட்ட வேண்டும். போர்டில் வைத்தால் கான்டாக்டர் வரை போகும் ஒயர் முழுவதும் பொறியின் கரன்டைச் சுமந்துகொண்டு பெட்டிக்குள் ஒலிபரப்பும். கான்டாக்டர் மேல் சொருகும் ரெடிமேட் சர்ஜ் சப்ரஸரும் வருகிறது. கிடைத்தால் அதுவே நல்லது.

ரிலே முனைகளுக்குக் குறுக்கே ஸ்னப்பர் போடும் வழக்கமும் உண்டு. 50 ஹெர்ட்ஸில் 100 நானோஃபாரட் வழியாக 7 மில்லிஆம்பியர் எப்போதும் கசியும். ரிலே திறந்திருந்தும் இன்டிகேட்டர் எல்ஈடி மங்கலாக எரியும், 230 வோல்ட் சின்ன ரிலே என்றால் விடாமலே பிடித்துக்கொள்ளக்கூடும். காயிலுக்குக் குறுக்கே போட்டால் இந்த வம்பு இல்லை. ஏசி காயிலுக்கு டயோடு போடவே கூடாது. அது நேரடி ஷார்ட்.

வயல்வெளி மும்முனை ஸ்டார்ட்டராக இருந்தால் காயில் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலவற்றில் காயில் 415 வோல்ட். மேலே சொன்ன 310 வோல்ட் கெபாசிட்டரும் 471 எம்ஓவியும் அங்கே ஆகாது. 440 வோல்ட் ஏசிக்கு மேல் தாங்கும் ரகம் வேண்டும்.

சின்ன ரிலேயின் டிசி காயிலுக்கு 1என்4007 போதும். வெள்ளைக் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். யூஎல்என்2003 வைத்திருந்தால் டயோடு உள்ளேயே உண்டு. ஆனால் 9ஆம் பின்னை ரிலே சப்ளைக்குக் கொண்டுபோனால்தான் அது வேலை செய்யும். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சப்ளையும் கிரவுண்டும்

5 வோல்ட் ரிலேயைவிட 12 வோல்ட் ரிலே நல்லது. நீல நிற 5 வோல்ட் ரிலே 70 மில்லிஆம்பியர் இழுக்கும், அதுவும் சிப்புக்குப் போகும் அதே 5 வோல்டில் இருந்து. அதே அளவு 12 வோல்ட் ரிலேக்கு 30 போதும். 12 வோல்ட் 1 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதில் இருந்து நேரே ரிலேக்கு ஒரு ஜோடி ஒயர், இன்னொரு ஜோடி எல்எம்2596 பக் மாட்யூலுக்கு, அங்கிருந்து 5 வோல்ட் போர்டுக்கு. மாட்யூலை இணைக்கும் முன் மீட்டர் வைத்து 5.0 வோல்டுக்குத் திருகுங்கள். வாங்கி வரும்போது எந்த வோல்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு ஜோடிகளின் நெகட்டிவும் எஸ்எம்பிஎஸ் முனையில் மட்டும் சந்திக்க வேண்டும். ரிலேயின் நெகட்டிவை போர்டின் கிரவுண்ட் பின்னில் சொருகினால் ரிலே கரன்ட் முழுவதும் சிப்பின் காலடியில் புரண்டு போகும்.

மெயின் பக்கத்தில் வரிசை இப்படி: 1 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், அதன் பின் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 14டி471 எம்ஓவி, 100 நானோஃபாரட் எக்ஸ்2, பிறகு 10 மில்லிஹென்றி காமன்மோட் சோக், பிறகு எஸ்எம்பிஎஸ். எம்ஓவி ஃபியூஸுக்குப் பின்னால்தான் வர வேண்டும். எம்ஓவி சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். இந்த 230 வோல்டை எம்சிபியில் இருந்து தனி ஒயராகக் கொண்டுவாருங்கள். ‘பக்கத்தில்தானே இருக்கிறது’ என்று கான்டாக்டர் முனையில் இருந்து எடுப்பது திருடனிடம் சாவி கொடுப்பது. ஃபில்டருக்குள் போகும் ஒயரையும் வெளிவரும் ஒயரையும் ஒரே கேபிள் டையில் கட்டினால் நாய்ஸ் ஃபில்டரைத் தாண்டிக் குதித்துவிடும். பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல.

போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே 470 மைக்ரோஃபாரட் ஒன்றும் 104 என்று அச்சான செராமிக் ஒன்றும் (அதாவது 100 நானோஃபாரட்) வையுங்கள். வெறும் ஏடிமெகா சிப் வைத்து நீங்களே போர்டு செய்தால் ஒவ்வொரு சப்ளை, கிரவுண்ட் பின் ஜோடிக்கும் ஒரு 104; காலில் இருந்து சில மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்த 104 படத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

ரீசெட் பின்னைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏடிமெகா328பியின் உள்ளே உள்ள புல்-அப் (பின்னை 5 வோல்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 30 முதல் 60 கிலோஓம். நாய்ஸுக்கு அது வெறும் நூல். வெளியே 10 கிலோஓம் 5 வோல்டுக்கு இழுங்கள். மற்ற பின்களுக்கு இருப்பதுபோல் ரீசெட் பின்னுக்கு உள்ளே சப்ளை பக்க டயோடு கிடையாது, 12 வோல்ட் புரோகிராமிங்குக்காக அப்படி விட்டிருக்கிறார்கள். ரீசெட்டில் இருந்து 5 வோல்டுக்கு ஒரு 1என்4148 போடுங்கள். கிரவுண்டுக்கு கெபாசிட்டர் போடுவதும் நல்லதுதான், ஆனால் நானோ போர்டில் 100 நானோஃபாரட் போட்டால் யூஎஸ்பி வழியாக அப்லோட் ஆகும்போது வரும் தானியங்கி ரீசெட் செத்துவிடும். 1 நானோஃபாரட் போடுங்கள், அல்லது புரோகிராம் ஏற்றி முடித்த பிறகு பெரியதைப் பற்றவையுங்கள்.

230 வோல்ட் போகும் தடத்துக்கும் சிப் பக்கத் தடத்துக்கும் நடுவே குறைந்தது 6 மில்லிமீட்டர், முடிந்தால் 8.

மாடியில் இருந்து வரும் ஒயர்

ஃப்ளோட் சுவிட்ச் வெறும் சுவிட்ச்தானே என்று உள் புல்-அப்பை நம்பி நேரே பின்னில் இணைப்பது வழக்கம். 20 மீட்டர் ஒயர் மோட்டார் கேபிளுடன் ஒரே பைப்பில் வந்தால் இரண்டுக்கும் இடையே 1 நானோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அது 3.2 மெகாஓம்; 230 வோல்டில் இருந்து 72 மைக்ரோஆம்பியர் கசியும். ஏடிமெகாவின் சாதாரணப் பின்களில் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம். 30 என்று எடுத்தால் பின்னில் 2 வோல்டுக்கு மேல் ஏசி. பொறி எதுவும் இல்லாமலே தொட்டி நிறைந்ததாகவும் காலியாகவும் மாறி மாறித் தெரிவது இதனால்தான். ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரை உள்ள பின்களுக்கு அந்த உள் புல்-அப்பும் இல்லை. எழுதினால் எரர் வராது, வேலையும் செய்யாது.

இந்த ஒயரில் மில்லிஆம்பியர் கணக்கில் கரன்ட் ஓட வேண்டும். 12 வோல்டில் இருந்து 1.2 கிலோஓம், ஃப்ளோட் சுவிட்ச், பிசி817 ஆப்டோகப்ளரின் (சிக்னலை ஒளி மூலம் மட்டும் கடத்தும் சிப்) எல்ஈடி, கிரவுண்ட் என்று ஒரு வளையம் அமையுங்கள். சுவிட்ச் மூடினால் 9 மில்லிஆம்பியர் ஓடும். எல்ஈடிக்குக் குறுக்கே 1 கிலோஓம் ஒன்று: தூண்டலில் வரும் 1 மில்லிஆம்பியருக்கும் குறைவான கரன்ட் அதன் வழியாகப் போய்விடும், எல்ஈடி எரியாது. மறுபக்கம் கலெக்டரை 4.7 கிலோஓமில் போர்டின் சப்ளைக்கு (நானோவுக்கு 5 வோல்ட், ஈஎஸ்பி32க்கு 3.3) இழுத்து, கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட்.

ஆப்டோ போட்டதாலேயே முழுத் தனிமை கிடைத்துவிடாது. இரண்டு பக்கமும் ஒரே 12 வோல்ட் சப்ளை என்றால் கிரவுண்ட் வழியாக நாய்ஸ் வரும். வீட்டுக்கு இது போதும்; ஒயர் 50 மீட்டர் போகும் தோட்டம் என்றால் வளையத்துக்கு மட்டும் பி1212எஸ் போன்ற 1 வாட் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள்.

திறந்த சுவிட்ச் என்றால் ‘நிறைந்தது’, மூடிய சுவிட்ச் என்றால் ‘தண்ணீர் வேண்டும்’ என்று ஃப்ளோட்டைத் திருப்பிக் கட்டுங்கள். எலி ஒயரைக் கடித்தால் மோட்டார் நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

கேபிளுக்கு நெட்வொர்க் வேலைக்கு வரும் கேட்5 போதும். போவதும் வருவதும் ஒரே முறுக்கு ஜோடியில், உதாரணமாக நீலமும் நீல-வெள்ளையும். நீலத்தில் போய்ப் பச்சையில் திரும்பினால் முறுக்கின் பயன் போச்சு. மோட்டார் கேபிளில் இருந்து 30 சென்டிமீட்டர் விலக்கி, வேறு பைப்பில் இறக்குங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு உள்ள கேபிள் என்றால் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே எர்த்தில் இணைத்து, மாடி முனையை விட்டுவிடுங்கள். அதே நுழைவிடத்தில் ஜோடிக்குக் குறுக்கே ஒரு பி6கேஈ18சிஏ டிவிஎஸ் டயோடு வைத்தால் தூரத்து மின்னலின் தூண்டலைச் சமாளிக்கும். நேரே விழும் இடிக்கு இது பதில் இல்லை.

எல்சிடி

16க்கு 2 எல்சிடி 4 பிட் முறையில் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக வாங்கும். ஒரு பொய்த் துடிப்பு வந்தால் பாதிகள் இடம் மாறி, அதன் பின் எல்லாமே குப்பை. கேபிளை 15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். ஒவ்வொரு முறை மோட்டார் போட்டு அணைத்து அரை நொடி கழித்து எல்சிடியைத் திரும்ப இனிஷியலைஸ் செய்யுங்கள். ஐ2சி மாட்யூல் என்றால் கூடுதல் ஆபத்து: பஸ் சிக்கிக்கொண்டால் ஆர்டுயினோவின் வயர் லைப்ரரி அங்கேயே காத்து நின்றுவிடும். அதன் டைம்அவுட் வசதி தானாக இயங்காது. நீங்கள்தான் இயக்க வேண்டும்.

புரோகிராமின் பங்கு

கடைசியில்தான் இது. ஒயரிங் கெட்டிருக்கும்போது வாட்ச்டாக் (புரோகிராம் சிக்கி நின்றால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) போடுவது நோயை மறைக்கும்.

பிரவுன்-அவுட் அளவு (சப்ளை இதற்குக் கீழே இறங்கினால் சிப் தானே ரீசெட் ஆகும்) ஆர்டுயினோ நானோவில் வழக்கமாக 2.7 வோல்டில் வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் அந்த வோல்டில் சிப் சரியாக ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. அந்த இடைவெளியில் சிப் உளறலாம், ஈப்ராமில் (சிப்பின் நிலை நினைவகம்) உள்ளது அழியலாம். யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரால் சிப்பின் ஃபியூஸை (உள்ளே பதிந்திருக்கும் அமைப்பு பிட்கள், மெயின் ஃபியூஸ் அல்ல) 4.3 வோல்டுக்கு மாற்றுங்கள்.

வாட்ச்டாக் 4 நொடி. அதைத் தட்டிக்கொடுப்பது மெயின் லூப்பில் ஒரே ஒரு இடத்தில். டைமர் இன்டரப்டுக்குள் வைத்தால் லூப் செத்தாலும் இன்டரப்ட் தட்டிக்கொண்டே இருக்கும். பழைய பூட்லோடர் உள்ள நானோவில் வாட்ச்டாக் ஒரு முறை விழுந்தால் போர்டு ரீசெட் சுழலில் மாட்டி, எல்ஈடி விடாமல் சிமிட்டும். ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றினால் தீரும்.

ஃப்ளோட் நிலை 2 நொடி தொடர்ந்து மாறாமல் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அவசரம் இல்லை. போர்டு பூட் ஆன பின் 60 நொடி மோட்டார் போடாதீர்கள். இந்தத் தாமதம் இல்லாவிட்டால், ரீசெட் ஆனதும் ரிலே விட்டு, பூட் ஆனதும் மறுபடி போட்டு, அந்த நாய்ஸில் மறுபடி ரீசெட் ஆகி, கான்டாக்டர் தடதடவென்று அடித்துக்கொள்ளும். மோட்டார் காயில் கருகும். ரிலே டிரான்சிஸ்டரின் பேஸில் இருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் வைத்தால் சிப் மயங்கியிருக்கும்போதும் ரிலே அணைந்தே இருக்கும். ஈஎஸ்பி32இல் 5, 14, 15 போன்ற பின்கள் பூட் ஆகும்போது தாமாகத் துடிக்கும். ரிலேக்கு 25, 26, 27இல் ஒன்றை எடுங்கள்.

ரீசெட்டுக்கான காரணத்தையும் எண்ணி வையுங்கள். பிரவுன்-அவுட், வெளி ரீசெட், வாட்ச்டாக் என்று சிப்பே தனித்தனிக் கொடி ஏற்றி வைக்கும். பிரவுன்-அவுட் எண் ஏறினால் சப்ளையைப் பாருங்கள், வெளி ரீசெட் என்றால் ரீசெட் பின், வாட்ச்டாக் என்றால் ஐ2சி அல்லது உங்கள் லூப். சில பூட்லோடர்கள் இந்தக் கொடிகளை முந்திக்கொண்டு அழித்துவிடும். எப்போதும் பூஜ்யமே வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

ஆசிலோஸ்கோப் இருந்தால் அளக்கும் முன் புரோபின் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே தொடுங்கள். அப்போதும் ஸ்பைக் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது சர்க்யூட்டை அல்ல, கிளிப் ஒயர் பிடிக்கும் நாய்ஸை. ஸ்கோப் இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ போதும். நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ஒயர்களின் அருகே நகர்த்துங்கள். கான்டாக்டர் விடும்போது எங்கே ‘படார்’ பெரிதாகக் கேட்கிறதோ அந்த ஒயர்தான் ஒலிபரப்புகிறது. ஸ்னப்பர் போட்ட பின் அதே இடத்தில் கேளுங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இறுதிச் சோதனைக்கு ஒரு பழைய 230 வோல்ட் ரிலே எடுத்து, அதன் காயிலை அதன் சொந்த என்சி முனை (ரிலே ஓய்வில் இருக்கும்போது மூடியிருக்கும் முனை) வழியாகவே இணையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் தன்னைத்தானே துண்டித்துத் துண்டித்து அலறும், பொறி மழை. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஃபியூஸ் வழியாக, ஒரு நேரத்தில் 30 நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள், காயில் சூடாகும். அதற்குப் போகும் இன்சுலேஷன் ஒயரை ஃப்ளோட் கேபிளுடன் ஒரு மீட்டர் தூரம் சேர்த்துக் கட்டி ஓட்டுங்கள். பிறகு போர்டின் சப்ளை ஒயருடன் கட்டி ஓட்டுங்கள். ரீசெட் எண்கள் ஏறாமல், ஃப்ளோட் நிலை மாறாமல் இருந்தால் பெட்டியை மூடலாம். ஏறினால் எந்தக் கொடி ஏறியது என்று பார்த்து அந்த ஒயருக்குத் திரும்புங்கள்.